அடுப்பு வராந்தாவுக்குப் போகட்டும், ஆல்டோ பயிற்சிக்குப் போகட்டும்

தென்மாவட்டக் கிறிஸ்தவ வீடுகளில் அக்டோபர் பிறந்துவிட்டால் இரண்டு வேலைகள் ஒரே சமயத்தில் உள்ளே நுழைகின்றன. கொத்தனார் வந்து அடுக்களையைச் சுற்றிப் பார்த்து, "கிறிஸ்துமஸுக்குள்ள முடிச்சிரலாம்" என்று சொல்லிவிட்டுப் போகிறார். கோயிலில் கொயர் மாஸ்டர் கேரல் ஆராதனைக்கான பாட்டுத்தாள்களைக் கையில் கொடுத்து, வாரத்தில் எந்தெந்த நாள் பிராக்டிஸ் என்று அறிவிக்கிறார். இரண்டு வேலைக்கும் கெடு ஒன்றே. போனஸ் வருவதும் சீட்டுப் பணம் கைக்கு வருவதும் இந்த மாதங்களில்தான். சென்னையிலும் வளைகுடாவிலும் இருக்கும் பிள்ளைகள் பெட்டியோடு வந்து இறங்கப்போவதும் டிசம்பர் கடைசியில்தான். ஆகவே இந்த மோதல் தற்செயலானதில்லை. ஆண்டுதோறும் காலண்டர் கொண்டுவந்து சேர்ப்பது. மோதலில் பல வீடுகளில் முதலில் விட்டுக்கொடுக்கப்படுவது வீட்டு அம்மாவின் பாட்டுப் பயிற்சி. "வீடே இடிஞ்சு கிடக்கு, இந்த ஒரு வருஷம் பாடாட்டா என்ன?" என்ற கேள்வி நியாயமாகவே ஒலிக்கிறது. அது நியாயமில்லை என்பதே இக்கட்டுரையின் வாதம். அடுக்களை வேலை நடக்கும் மாதங்களில் குடும்பம் எதை வேண்டுமானாலும் தள்ளிப்போடலாம். அவருடைய ஒத்திகையைத் தள்ளிப்போடக் கூடாது.

முதலில் அடுக்களை வேலையின் இயல்பைப் பார்ப்போம். பழைய கடப்பாக்கல் மேடையைப் பெயர்த்து எடுக்க ஒரு நாள் போதும். அதன் பிறகு நடப்பது பெரும்பாலும் காத்திருப்பு. சுவரில் காடி வெட்டிக் குழாயும் வயர் பைப்பும் பதிக்க வேண்டும். பிளம்பர் வரும் நாளில் எலெக்ட்ரீஷியன் வரமாட்டார். மேடைக்கும் பரணுக்கும் கான்கிரீட் போட்டால், சாதாரண போர்ட்லண்ட் சிமென்ட் என்றால் குறைந்தது 7 நாளும், சாம்பல் கலந்த சிமென்ட் என்றால் குறைந்தது 10 நாளும் ஈரம் காயாமல் தண்ணீர் விட வேண்டும் என்கிறது ஐ.எஸ். 456 என்ற இந்தியத் தர விதி. அதன் பிறகு பூச்சு, பூச்சுக்கும் தண்ணீர். பிறகு டைல்ஸ், கிரானைட், அதன் விளிம்புக்குப் பாலிஷ், தண்ணீர்த் தொட்டி பொருத்துவது, கடைசியில் தச்சர். போதாக்குறைக்கு, நெல்லைச் சீமைக்கு மழை தருவதே அக்டோபர் முதல் டிசம்பர் வரை வீசும் வடகிழக்குப் பருவக்காற்றுதான். ஊரெல்லாம் மழைக்காகக் கையேந்தி நிற்கும் அதே வாரங்களில் பூச்சுச் சுவர் காயாமல் நிற்கிறது, மணல் வண்டி வராமல் நிற்கிறது. கொத்தனார் ஏமாற்றுகிறார் என்று நினைப்பதில் பயனில்லை. சிமென்டுக்கும் மழைக்கும் அவற்றுக்குரிய கணக்கு உண்டு. வீட்டிலுள்ளவர் ஒருவர் பயிற்சிக்குப் போகாமல் உட்கார்ந்திருப்பதால் பூச்சு ஒரு மணி நேரம் முன்னதாகக் காயப்போவதில்லை.

இங்கேதான் நேரக்கணக்கைக் கூர்ந்து பார்க்க வேண்டும். கொத்தனாரும் சித்தாளும் காலையில் வந்து மாலை வெளிச்சத்தோடு கைகால் கழுவிவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். கொயர் பிராக்டிஸ் வேலைக்குப் போகிறவர்களும் படிக்கிற பிள்ளைகளும் வந்து சேர்ந்த பிறகு, அந்தி சாய்ந்துதான் தொடங்குகிறது. "வீடு திறந்து கிடக்கும்போது யார் பார்த்துக்கொள்வது?" என்று கேட்பவர்கள் இந்தக் கடிகாரத்தைக் கவனிப்பதில்லை. வேலையாட்கள் இருக்கும் நேரமும் பாட்டுப் பயிற்சியின் நேரமும் பொதுவாக ஒன்றன்மேல் ஒன்று ஏறுவதே இல்லை. அப்படியானால் அம்மாவைப் பயிற்சியிலிருந்து தடுப்பது எது? ஆட்கள் போன பிறகு மிஞ்சும் வேலை. தரையெல்லாம் படிந்த சிமென்ட் தூசியைக் கூட்டித் துடைப்பது, புறவாசல் குழாயடியில் குந்தி உட்கார்ந்து பாத்திரம் விளக்குவது, வராந்தாவில் வைத்த ஒற்றை அடுப்பில் முதலில் சோறு, பிறகு குழம்பு, பிறகு வெஞ்சனம் என்று ஒவ்வொன்றாக ஏற்றி இறக்குவது. இரண்டு பர்னரில் முக்கால் மணி நேரத்தில் முடிந்த சமையல் ஒன்றரை மணி நேரம் ஆகிறது. உப்பு ஓர் அறையில், புளி கட்டிலுக்கடியில், மிக்ஸி ஹாலில். பயிற்சியைப் பறிப்பது இடிபாடு இல்லை. இடிபாடு கூட்டிவிட்ட வீட்டு வேலை முழுவதும் ஒருவர் தலையில் விழுவதுதான்.

ஒருவர் தலையில் விழுகிறது என்பது வெறும் புலம்பல் அன்று. 2019இல் இந்தியத் தேசியப் புள்ளியியல் அலுவலகம் நாடு முழுவதும் நேரப் பயன்பாட்டு ஆய்வு ஒன்றை நடத்தியது. கூலியில்லாத வீட்டு வேலையில் ஈடுபட்டவர்கள் பெண்களில் 81.2 விழுக்காடு, ஆண்களில் 26.1 விழுக்காடு. அப்படி ஈடுபட்டவர்கள் நாளொன்றுக்குச் செலவிட்ட சராசரி நேரம், பெண்களுக்கு 299 நிமிடம், ஆண்களுக்கு 97. அடுக்களை நல்ல நிலையில் இருக்கும் சாதாரண நாளுக்கான கணக்கு இது. ஏற்கெனவே ஐந்து மணி நேரம் சுமக்கிற தோளில்தான் மராமத்து நாட்களின் கூடுதல் சுமையும் ஏறுகிறது. கணவரும் அதே கொயரில் டெனரோ பேஸோ பாடுகிற வீடுகளைக் கவனித்தால் விஷயம் இன்னும் தெளிவாகும். இருவருக்கும் வீடு ஒன்றுதான், இடிபாடும் ஒன்றுதான். ஆனால் அவர் பைக்கை எடுத்துக்கொண்டு பயிற்சிக்குப் போகிறார். அவள் வராந்தா அடுப்பருகே நிற்கிறாள். இடிபாடுதான் காரணம் என்றால் இருவருமே நின்றிருக்க வேண்டும்.

பயிற்சியை ஏன் தள்ளிப்போட முடியாது என்பதற்கு நாலு குரல் இசையின் அமைப்பே பதில் சொல்கிறது. நம் கோயில்களில் இரண்டு வகைப் பாட்டு உண்டு. தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) போன்றவர்கள் இராகம் தாளத்தோடு கட்டிய கீர்த்தனைகளைச் சபையே ஒரே மெட்டில் பாடுகிறது. அதில் ஒருவர் குறைந்தாலும் பாட்டு நடந்துவிடும். மேனாட்டு மெட்டில் அமைந்த பாமாலைகளும் கேரல்களும் அப்படியில்லை. சோப்ரானோ, ஆல்டோ, டெனர், பேஸ் என நான்கு வரிகள் ஒரே நேரத்தில் ஓடுகின்றன. மெட்டு பெரும்பாலும் சோப்ரானோவிடம் இருக்கிறது. ஆல்டோவின் வரியைத் தனியே கேட்டால் பாட்டே அடையாளம் தெரியாது. இரண்டு மூன்று சுரங்களுக்குள் சுற்றிச்சுற்றி வரும், சில இடங்களில் ஒரே சுரத்தில் நின்றுவிடும். மற்ற மூன்று குரலும் சேரும்போதுதான் அந்த வரிக்கு அர்த்தம் பிறக்கிறது. சோப்ரானோவின் மெட்டு காதில் விழும்போதும் தன் சுரத்திலிருந்து வழுவாமல் நிற்பதுதான் ஆல்டோ கற்றுக்கொள்ள வேண்டிய பாடம். அதைத் தனியாக உட்கார்ந்து கற்க முடியாது. சிறிய ஊரின் கொயரில் ஆல்டோ பாடுபவர்கள் மூவரோ நால்வரோதான் இருப்பார்கள். அதில் ஒருவர் ஒரு மாதம் வராவிட்டால் மற்றவர்கள் மெட்டின் பக்கம் சாய்ந்துவிடுவார்கள். பூச்சு வேலை ஒரு வாரம் தள்ளிப்போனால் பூச்சு ஒரு வாரம் தாமதமாக முடியும், அவ்வளவுதான். ஒத்திகைக்கு ஒருவர் ஒரு மாதம் வராமல் போனால் கேரல் இரவு அவருக்காகக் காத்திருக்காது.

சபை மக்கள் நாலு குரலில் பாடக் கற்றதற்குப் பின்னால் ஒரு பெண்ணின் உழைப்பு இருப்பதை இங்கே நினைத்துக்கொள்வது பொருந்தும். இங்கிலாந்தின் நாரிச் நகரில் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுத்த சாரா ஆன் குளோவர் என்ற ஆசிரியை, ஐந்து கோட்டு இசைக்குறி தெரியாதவர்களும் பாடும்படி எழுத்துக்களையே சுரமாக்கும் முறையை அமைத்தார். ஜான் கர்வென் என்ற போதகர் அதை வளர்த்து டானிக் சோல்ஃபா என்ற பெயரில் 19ஆம் நூற்றாண்டில் உலகெங்கும் பரப்பினார். மிஷனரிகள் வழியாக அது தமிழ்நாட்டுப் பள்ளிகளுக்கும் சபைகளுக்கும் வந்து சேர்ந்தது. பியானோவைத் தொட்டே பார்க்காத பெண்கள் அந்த எழுத்துக்களை வைத்துக்கொண்டு கடினமான ஆல்டோ வரிகளைப் பிசகாமல் பாடினார்கள். இசைக் கல்லூரி வாசலை மிதிக்காத ஒருவருக்கு இவ்வளவு நுட்பமான கலை கைவந்திருக்கிறது என்றால், அது இரண்டு மாதம் மூட்டைகட்டி வைக்கக்கூடிய பொழுதுபோக்கு ஆகாது. அவர் கற்ற வித்தை அது.

இதற்கு எதிராக வலுவான ஒரு மறுப்பு உண்டு. புது அடுக்களை யாருக்காக? வீட்டு அம்மாவுக்காகத்தானே. இரண்டு மாதம் பொறுத்துக்கொண்டால் பிறகு வாழ்நாள் முழுவதும் வேலை எளிதாகுமே என்கிறார்கள். அன்போடு சொல்லப்படுகிற வார்த்தை என்பதால் இதற்குப் பொறுமையாகவே பதில் சொல்ல வேண்டும். இன்றைய மாடுலர் கிச்சனின் மூதாதை 1926இல் ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட் நகரில் பிறந்தது. ஆஸ்திரியக் கட்டடக் கலைஞர் மார்கரெட்டே ஷூட்டே லிஹோட்ஸ்கி, ரயிலின் உணவுப் பெட்டிச் சமையலறையைப் பார்த்து, எட்டிய கைக்கு எல்லாம் கிடைக்கும்படி ஏறத்தாழ 1.9 மீட்டர் அகலமும் 3.4 மீட்டர் நீளமும் கொண்ட சிறு அடுக்களையை வடிவமைத்தார். நகராட்சிக் குடியிருப்புகளில் சுமார் 10,000 வீடுகளில் அது பொருத்தப்பட்டது. பெண்ணின் நடையை மிச்சப்படுத்தி அவளுக்கு ஓய்வு தர வேண்டும் என்பது அவருடைய உண்மையான விருப்பம். ஆனால் அந்த அடுக்களை ஒரே ஒருவர் நின்று வேலை செய்வதற்கென்று அளந்து கட்டப்பட்டது. இரண்டாவது ஆள் உள்ளே வந்து கைகொடுக்க இடமில்லை என்ற குறை பின்னாளில் எழுந்தது. அமெரிக்கச் சமூகவியலாளர் ஜோன் வானெக் 1974இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் அழுத்தமானது. வேலைக்குப் போகாத இல்லத்தரசிகள் 1920களில் வாரத்துக்குச் சுமார் 52 மணி நேரம் வீட்டு வேலை செய்தார்கள். சலவை இயந்திரமும் குளிர்பெட்டியும் வந்துவிட்ட 1960களில் அது சுமார் 55 மணி நேரமாக இருந்தது. கருவிகள் ஒவ்வொரு வேலையையும் இலேசாக்கின. வேலையின் எண்ணிக்கையும் அதைப் பற்றிய எதிர்பார்ப்பும் கூடவே வளர்ந்துவிட்டன. கிரானைட் மேடையும் சிம்னியும் முதுகு வலியைக் குறைக்கும், கண் எரிச்சலைப் போக்கும்; அதற்காகவே அவை வரட்டும். ஆனால் அவை நேரத்தைத் தாமாகத் திருப்பித் தருவதில்லை. நேரத்தைத் தருவது வேலையைப் பங்குபோடும் மனிதர்கள். மராமத்துக் காலத்திலேயே அந்தப் பங்கைப் போடாத குடும்பம் புது அடுக்களை வந்த பிறகு போடும் என்று நம்புவதற்கு ஆதாரம் எதுவும் இல்லை. பளபளக்கும் மேடையைக் காட்டி விருந்தினருக்கு இன்னும் இரண்டு பலகாரம் செய்யச் சொல்வதே நடக்கும்.

சேர்ந்து பாடுவது உடலுக்கும் மனத்துக்கும் என்ன செய்கிறது என்பதற்கும் சான்றுகள் உண்டு. அதே ஃபிராங்க்ஃபர்ட் நகரில் குந்தர் க்ராய்ட்ஸும் உடன் பணியாற்றியவர்களும் தொழில்முறை சாராத கொயர் ஒன்றை ஆராய்ந்து 2004இல் முடிவை வெளியிட்டார்கள். மொட்சார்ட்டின் ரெக்வியத்தைப் பாடிப் பயிற்சி செய்த நாளில் பாடகர்களின் உமிழ்நீரில் நோய்த்தடுப்புப் புரதமான இம்யூனோகுளோபுலின் ஏ உயர்ந்தது, மனநிலையும் மேம்பட்டது. அதே இசையை உட்கார்ந்து கேட்க மட்டும் செய்த நாளில் அப்படி ஆகவில்லை. சுவீடனின் கோதன்பர்க் பல்கலைக்கழகத்தில் பியோர்ன் விக்கோஃப் குழு 2013இல் காட்டியது இன்னொன்று: ஒரே பாட்டைச் சேர்ந்து பாடுகிறவர்கள் ஒரே இடத்தில் மூச்சு எடுப்பதால் அவர்களுடைய இதயத் துடிப்பின் ஏற்ற இறக்கமும் ஒன்றுபோல் ஆகிவிடுகிறது. இவை சிறிய ஆய்வுகள். பாடினால் நோய் அண்டாது என்று இவற்றை வைத்துச் சொல்லிவிட முடியாது. நான் சொல்லவும் இல்லை. வேறு எந்தக் கூட்டத்துக்குப் போனாலும் இதே பயன் கிடைக்குமே என்றும் ஒருவர் கேட்கலாம். ஆக்ஸ்ஃபோர்டில் எய்லுனெட் பியர்ஸ் குழுவினர் 2015இல் வெளியிட்ட ஆய்வு அதைத்தான் சோதித்தது. பாட்டு வகுப்பையும், கைவினை வகுப்பையும், எழுத்துப் பயிற்சி வகுப்பையும் ஏழு மாதம் ஒப்பிட்டார்கள். முடிவில் மூன்றிலும் மனிதர்களுக்கிடையே நெருக்கம் ஏறத்தாழ ஒரே அளவு வளர்ந்திருந்தது. பாடியவர்களிடம் மட்டும் அது மிக விரைவில் பிறந்துவிட்டது. ஆக, பாட்டுக்கு மந்திர சக்தி எதுவுமில்லை என்பதை ஒப்புக்கொள்வோம். ஆனால் வீடு முழுக்கத் தூசியும், தெரியாத ஆட்களின் நடமாட்டமும், நாளுக்கு நாள் ஏறும் செலவும் சேர்ந்து மனத்தை அரிக்கும் இரண்டு மாதங்களில், விரைவாகக் கிடைக்கும் துணைக்குத் தனி மதிப்பு இருக்கிறது. வாரத்தில் இரண்டு மாலை, யாருக்கும் பரிமாறாமல், யாரும் எதையும் கேட்காமல், தன் குரல் தேவைப்படுகிற இடத்தில் ஒருவர் நிற்கிறார். அந்த இரண்டு மாலைகளை வெட்டிவிட்டுக் குடும்பம் மிச்சப்படுத்துவது என்ன?

வாட்ஸ்ஆப்பில் ஆல்டோ வரியைப் பதிவுசெய்து அனுப்புகிறார்களே, வீட்டிலிருந்தே படித்துக்கொள்ளலாமே என்பது அடுத்த கேள்வி. சுரத்தை மனப்பாடம் செய்ய அது உதவும். மற்ற குரல்களோடு மூச்சை ஒன்றாக்கவும், சத்தத்தை அளந்து கொடுக்கவும், சொல்லின் கடைசி எழுத்தை எல்லோரும் ஒரே கணத்தில் முடிக்கவும் அது உதவாது. தவிர, டைல்ஸ் வெட்டும் கட்டர் ஓடும் வீட்டில் யார் எப்படிக் காதில் வாங்கிப் பாடுவது? அந்தத் தூசியைப் பற்றியும் ஒரு வார்த்தை. கிரானைட்டையும் டைல்ஸையும் உலர்வாக வெட்டும்போது பறக்கும் சிலிக்காத் தூசி பாடுகிறவரின் தொண்டையை எரிக்கும் என்பது சின்ன விஷயம். முகமூடி இல்லாமல் நாள் முழுக்க அதைச் சுவாசிக்கும் தொழிலாளியின் நுரையீரலை அது நிரந்தரமாகக் கெடுக்கும். தண்ணீர் விட்டு, வீட்டுக்கு வெளியே வெட்டச் சொல்வது வீட்டுக்காரரின் கடமை.

கடைசியில் எல்லாக் கேள்வியும் வந்து நிற்கும் இடம், "அப்போ ராத்திரிச் சாப்பாட்டுக்கு?" என்பதுதான். ஓட்டல் பரோட்டா இரண்டு நாளைக்குச் சரி. சர்க்கரையும் ரத்த அழுத்தமும் உள்ள பெரியவர்கள் இருக்கும் வீட்டில் இரண்டு மாதத்துக்கு ஆகாது. சமைத்தே தீர வேண்டும். ஆண்களுக்குச் சமைக்கத் தெரியாது என்று சொல்லும் வாய்ப்பு தென்மாவட்டச் சபைகளுக்கு இல்லை. அசனப் பண்டிகை நடக்கும் ஊர்களில் ஆயிரக்கணக்கானவர்களுக்கு அண்டா அண்டாவாகச் சோறு வடித்து, ஆட்டுக்கறிக் குழம்பு கூட்டி, பந்தி பந்தியாகப் பரிமாறுகிறவர்கள் ஊர் ஆண்கள்தான். திறந்த வெளியில் கல்கூட்டி அடுப்பு மூட்டி, மழைக்கும் காற்றுக்கும் ஈடுகொடுத்து அத்தனை பேர் பசியாற்றத் தெரிந்தவர்களுக்கு, வராந்தாவில் ஒற்றை கேஸ் அடுப்பில் நாலு பேருக்குக் கஞ்சியும் தேங்காய்த் துவையலும், அல்லது குக்கரில் சோறும் பருப்பும் வைக்கத் தெரியாமல் போகாது. கைத்திறன் இருக்கிறது, அன்றாட வேலைக்கு அது வருவதில்லை, அவ்வளவே. டிசம்பரில் பிள்ளைகளுக்கு அரையாண்டுத் தேர்வு இருப்பது உண்மை. கேள்வி கேட்டுப் பாடம் ஒப்பிக்க வைக்க அப்பாவுக்கும் தெரியும், பாட்டிக்கும் தெரியும். முந்திரிக்கொத்தும் அச்சுமுறுக்கும் இந்த ஆண்டு அக்கம்பக்கத்து வீட்டு அடுப்பில் சேர்ந்து சுடலாம், கடையில் வாங்கலாம், சுடாமலும் இருக்கலாம். கர்த்தரின் பிறப்பு அவற்றால் குறைந்துவிடாது.

கொயர் தரப்பும் செய்ய வேண்டியது உண்டு. ஆறரைக்கு என்று சொல்லிவிட்டு ஏழே காலுக்குத் தொடங்கி, ஒன்பதரை வரை இழுக்கும் பயிற்சி, வீட்டில் பெண்களுக்கு எதிரான வாதத்தைத் தானே எடுத்துக் கொடுக்கிறது. சொன்ன நேரத்தில் தொடங்கிச் சொன்ன நேரத்தில் முடித்தால், ஒன்றரை மணி நேரத்தில் இரண்டு கேரல்களை நான்கு குரலிலும் பிடித்துவிடலாம். எந்தெந்த வாரம் எந்தப் பாட்டு என்பதை முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிட்டால், கான்கிரீட் போடும் நாளன்று தவிர்க்க முடியாமல் வராதவர் அடுத்த பயிற்சியில் எதைப் பிடிக்க வேண்டும் என்று தெரிந்திருக்கும்.

ஈஸ்டர் முடிந்த கையோடு, மழைக்கு முன்னால் அடுக்களை வேலையைத் தொடங்குவது எல்லா வகையிலும் மேல். பூச்சு காயும், மணல் கிடைக்கும், கொயருக்கும் அது ஓய்வுக் காலம். ஆனால் பணம் வரும் மாதத்தில்தான் வேலை தொடங்க முடியும் என்ற வீடுகளே அதிகம். அவர்களிடம் போய் மே மாதத்தில் கட்டுங்கள் என்று சொல்வது நியாயமாகாது. அவர்களிடம் கேட்டுக்கொள்வது இவ்வளவுதான். கொத்தனார் தேதி குறிக்க வரும்போது காலண்டரைச் சுவரிலிருந்து கழற்றி மேசைமேல் வையுங்கள். முதலில் பயிற்சி நாட்களை அதில் எழுதுங்கள். கான்கிரீட்டும் டைல்ஸும் மீதி நாட்களுக்குள் அடங்கட்டும். பயிற்சி மாலைகளில் வராந்தா அடுப்புக்கு வீட்டு ஆண்களின் பெயரையும் அதிலேயே எழுதிவிடுங்கள். ஆறு மணிக்கு வீட்டு அம்மா பாட்டுத்தாளை எடுத்துக்கொண்டு கிளம்பும்போது, துடைப்பத்தை வாங்கிக்கொள்ள ஒரு கை நீளட்டும்.